பழைய பந்தயக் காரும் அனுபவமுள்ள சிநேகிதரும்



இம்மாதம் ஒரு பழைய காரைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன். அது சாலையில் ஓடும் கார் அல்ல, பந்தயத் தடத்தில் மாத்திரம் ஓடுகிற கார். குடும்பப் பத்திரிகையில் பந்தயக் காருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். சற்றுப் பொறுமையாய் வாசியுங்கள்.

பிழைப்புக்காகப் பெருநகரங்களுக்கு வந்த நம்மவரில், வாகனப் பட்டறைகளில் டிங்கராகவும் பெயின்டராகவும் உழைத்துக் குடும்பத்தை நிலைநிறுத்தினவர்கள் உண்டு. அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் படித்து, நல்ல சம்பளத்தில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு வேகத்தின்மேல் ஆசை. தடத்தில் ஓடி ஓய்ந்த ஒரு காரை மலிவான விலைக்கு வாங்கி வருகிறார்கள். அதற்குப் புது வர்ணம் பூச வேண்டும். யாரைக் கூப்பிடுவது? தெருவிலோ, உறவிலோ, சபையிலோ முப்பது வருஷம் பெயின்டிங் செய்த ஒரு அண்ணன் இருப்பார். "அண்ணே, ஒரு ஞாயிறு சாயங்காலம் வந்து அடிச்சுக் கொடுத்துட்டுப் போங்க" என்று தம்பி கேட்கிறான். அண்ணனும் மறுக்காமல் வருகிறார்.

கேட்கிற தம்பியும் நல்லவன், வருகிற அண்ணனும் நல்லவர். ஆனாலும் அந்த ஒரு சாயங்காலத்துக்குள் இரண்டு உயிர்களுக்குரிய காரியங்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, அந்தக் காரை ஓட்டப்போகிறவனுடைய பாதுகாப்பு. மற்றொன்று, அதற்கு வர்ணம் அடிக்கிறவருடைய சுவாசம். இவ்விரண்டையும் ஒவ்வொன்றாய்க் கவனிப்போம்.

தடத்துக் கார் எப்படிப்பட்டது?

நம் தேசத்தில் கார்ப் பந்தயம் நேற்றுத் தோன்றியதன்று. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில், பல்லாண்டுகள் பந்தயங்கள் நடந்தன. 1990-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில், பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட சுமார் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள தடம் திறக்கப்பட்டது. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட தடம், 1995-இல் விமான விபத்தில் மறைந்த பந்தய வீரர் கரிவர்தனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. டில்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் கட்டப்பட்ட புத்தா தடத்தில் 2011 முதல் 2013 வரை மூன்று ஆண்டுகள் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது.

இத்தகைய தடங்களில் ஓடிய கார்களில் பல, ஒருகாலத்தில் நம் வீட்டு வாசல்களில் நின்ற அதே மாருதி 800-உம், 1994-இல் வெளிவந்த மாருதி எஸ்டீமும்தான். இவ்விரண்டின் தயாரிப்பும் நின்றுபோய்ப் பல வருஷங்களாயின. ஆகவே இன்று கைக்கு வருகிற தடத்துக் கார் வயதான கார் என்பதில் ஐயமில்லை.

அது வீட்டுக் காரைப்போல் இராது. பின் இருக்கை, தரைவிரிப்பு, கதவின் உள்ளட்டை எல்லாம் கழற்றப்பட்டிருக்கும். ஓட்டுகிறவரைச் சூழ்ந்து இரும்புக் குழாய்களாலான ஒரு கூண்டு வெல்டிங் செய்யப்பட்டிருக்கும். கார் உருண்டால் ஓட்டுகிறவரைக் காப்பது அந்தக் கூண்டே. வெளிப்புறத்தில் கல் தெறித்த பொட்டுகள், டயர் ரப்பர் ஒட்டிய கறைகள், பழைய ஸ்டிக்கர்களின் பசை, ஒன்றன்மேல் ஒன்றாய் அடிக்கப்பட்ட வர்ணங்கள் எல்லாம் இருக்கும். அந்தக் கார் எத்தனை முறை மோதியது, யார் யார் அதைச் சரிசெய்தார்கள் என்பதை விற்றவர் சொல்லமாட்டார். அவருக்கே தெரியாமலும் இருக்கலாம்.

வர்ணம் எதற்காக?

அழகுக்காக என்று சொல்வது எளிது. அழகும் ஒரு காரணம்தான். ஆனால் தடத்துக் காருக்கு வர்ணம் மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலாவது, இரும்பைத் துருவினின்று காக்கிறது. இரண்டாவது, கோளாறுகளைக் காட்டிக்கொடுக்கிறது. பந்தயப் பட்டறைகளில் எஞ்சின் அறையையும் உட்கூண்டையும் வெள்ளை அல்லது வெளிர்ச் சாம்பல் நிறத்தில் பூசுகிற வழக்கம் உண்டு. எண்ணெய் கசிந்தாலும், வெல்டிங்கில் மயிரிழை விரிசல் விழுந்தாலும், வெளிர் நிறத்தின்மேல் அது உடனே கண்ணில் படும். மூன்றாவது, தூரத்திலிருந்து வருகிற காரைத் தடத்துப் பணியாளர்கள் அடையாளம் காண உதவுகிறது.

வர்ணத்துக்கு எடையும் உண்டு. ஜெர்மனியின் மெர்சிடஸ் அணியைப் பற்றி ஒரு கதை சொல்லப்படுகிறது. 1934-இல் நூர்பர்க்ரிங் தடத்தில் அவர்களுடைய கார் 750 கிலோ என்ற வரம்புக்கு ஒரு கிலோ கூடுதலாய் இருந்ததாம். இரவோடிரவாக வெள்ளை வர்ணத்தைச் சுரண்டி எடுத்தார்களாம். மறுநாள் அலுமினியம் வெள்ளியைப்போல் பளபளக்க, அதுவே அவர்கள் நிறமாயிற்றாம். இதைப் பரப்பியவர் அவ்வணியின் மேலாளர் நாய்பவர். அந்தக் குறிப்பிட்ட பந்தயத்தில் எடை வரம்பே இருக்கவில்லை என்று வரலாற்று ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டி, கதையைச் சந்தேகிக்கிறார்கள். ஆனால் கதைக்குள் இருக்கும் கணக்கு மெய்யானது. 2022-இல் ஃபார்முலா ஒன் அணிகள் சில, எடையைக் குறைப்பதற்காக வர்ணத்தை நீக்கி, கார்பன் இழையை வெறுமையாகவே விட்டு ஓடின.

ஆகையால் பழைய வர்ணத்தின்மேல் இன்னொரு வர்ணத்தை அடித்து முடித்துவிடலாம் என்று எண்ணாதிருங்கள். பழைய பட்டியும் பழைய வர்ணமும் சேர்ந்து சில கிலோ எடையை வீணாய்ச் சுமத்தும். அதைவிட முக்கியமாக, அவற்றின் அடியில் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும்.

காந்தமும் கைவிளக்கும்

அனுபவமுள்ள சிநேகிதர் முதல்நாள் வரும்போது ஸ்பிரே கன் கொண்டுவரமாட்டார். ஒரு சிறு காந்தம், ஒரு கைவிளக்கு, ஒரு பழைய துணி, இவை போதும். துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவின்மேல், பக்கவாட்டின்மேல், கூரையின் ஓரத்தின்மேல் மெதுவாய் நகர்த்துவார். தகடு இருக்கும் இடத்தில் காந்தம் பற்றும். பட்டி கனமாய் அப்பப்பட்ட இடத்தில் பற்றாமல் நழுவும். விரல் மூட்டால் தட்டிப் பார்ப்பார். தகடு கணீரென்று ஒலிக்கும், பட்டி மந்தமாய் ஒலிக்கும். இதை அவர் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. பட்டறையில் கார் கழுவும் பையனாய்ச் சேர்ந்து, பிறகு உப்புத்தாள் தேய்த்து, பிறகு பட்டி பார்த்து, கடைசியில்தான் கன்னைக் கையில் பிடித்தார். அந்த வருஷங்கள் எல்லாம் அவர் உள்ளங்கையில் இருக்கின்றன.

பிறகு கைவிளக்கைப் பிடித்து, கூண்டின் குழாய்கள் தரையோடு சேரும் இடங்கள், இருக்கை பொருத்தப்பட்ட இடம், பெல்ட் மாட்டும் கொக்கிகளின் அடி, முன் சக்கரங்களின் அதிர்வு தாங்கி மேலே முட்டும் இடம், இவற்றைப் பாருங்கள். வர்ணம் கோடுபோல் வெடித்திருந்தால் அதன் அடியில் இரும்பும் வெடித்திருக்கக்கூடும். அப்படிப்பட்ட இடத்தில் பட்டி வைத்து மூடுவது கொலைக்குச் சமானம். நல்ல பெயின்டர் அவ்விடத்தில் கையை எடுத்துவிட்டு, "இது என் வேலை இல்ல தம்பி, முதல்ல வெல்டரைக் கூப்பிடு" என்பார். அந்த வார்த்தைக்குச் செவிகொடுங்கள். பந்தயக் கூண்டுகளைச் செய்து பழகியவரிடமே அதைக் காட்ட வேண்டும். அது சரியாகும் வரை வர்ணத்தின் பேச்சே வேண்டாம்.

ஆயத்தமே பெரும்பங்கு

வர்ணம் தெளிப்பது சில மணி நேர வேலை. அதற்கு முந்தின ஆயத்தம் பல நாட்களின் பிரயாசம். ஒரே சாயங்காலத்தில் முடியும் என்று யாராவது சொன்னால், ஆயத்தத்தைத் தவிர்க்கப்போகிறார் என்றே பொருள். வேலையின் வரிசை இது:

1. கழுவுதல். முதலில் சோப்புத் தண்ணீர். பிறகு எண்ணெயும் மெழுகும் நீக்கும் திரவத்தைச் சுத்தமான துணியில் நனைத்துத் துடைத்து, காயுமுன்னே வேறொரு துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். டேஷ்போர்டு பளபளப்புக்குப் பூசும் சிலிக்கான் ஒரு துளி மீந்திருந்தாலும், புது வர்ணம் அவ்விடத்தில் ஒட்டாமல் மீன்கண்போல் குழி விழும். தேய்த்த பிறகு கழுவினால், உப்புத்தாள் அந்த அழுக்கைக் கீறல்களுக்குள் அழுத்தியிருக்கும். ஆகவே கழுவுவதே முந்தினது.

2. ஸ்டிக்கர்களை நீக்குதல். தலைமுடி உலர்த்தும் கருவியால் மிதமாய்ச் சூடாக்கினால் பசை இளகும். கத்தியால் சுரண்டினால் தகட்டில் கோடு விழும்.

3. துருவை அறுத்தல். துரு இருக்கும் இடத்தை மின்னும் இரும்பு வரை தேய்க்க வேண்டும். தகட்டில் ஓட்டை விழுந்திருந்தால் வெட்டி, புதுத் தகடு வெல்டிங் செய்ய வேண்டும். மும்பை, சென்னை போன்ற கடலோர நகரங்களில் வெறும் இரும்பை ஓரிரவு விட்டாலும் காலையில் செம்மண் நிறம் படிந்திருக்கும். அன்றைக்குத் திறந்த இரும்பை அன்றைக்கே எபாக்சி பிரைமரால் மூடிவிடுங்கள்.

4. பட்டி பார்த்தல். நசுங்கலை டிங்கர் தட்டி எடுத்தபின் மீதியாயிருக்கும் சிறு பள்ளத்துக்குத்தான் பட்டி. 100 பங்கு பட்டிக்கு 1 முதல் 3 பங்கு வரை ஹார்டனர் கலப்பது வழக்கம். டப்பாவில் எழுதியிருக்கும் அளவே சரியான அளவு. சீக்கிரம் காயட்டும் என்று கூட்டிப் போட்டால் பின்னாளில் வர்ணத்தின்மேல் கறை ஊறி வரும். பட்டி நீரை உறிஞ்சும் பொருள். ஆகையால் அதைத் தண்ணீர் விட்டுத் தேய்க்காமல், 80, 120, 220 எண் தாள்களால் உலர்வாகவே தேய்க்க வேண்டும்.

5. மட்டம் பார்த்தல். தாளை விரலால் பிடித்துத் தேய்த்தால் விரல் தடம் பள்ளமாய் விழும். மரக்கட்டையிலோ ரப்பர் கட்டையிலோ சுற்றித்தான் தேய்க்க வேண்டும். சர்பேசர் அடித்த பிறகு மேலே கறுப்பு வர்ணத்தைப் பனிபோல் லேசாய்த் தூவி, 400, 600 எண் வாட்டர் பேப்பரால் தேய்ப்பார்கள். மேடு இருந்தால் கறுப்பு முதலில் நீங்கும். பள்ளம் இருந்தால் கறுப்பு தங்கும். கண் ஏமாறினாலும் அந்தக் கறுப்புத் தூசி ஏமாறாது.

இந்த ஐந்து வேலைகளிலும் தம்பியே கைவைக்கலாம். சிநேகிதர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கட்டும். அவருடைய முழங்காலும் முதுகும் முப்பது வருஷம் தேய்த்துத் தேய்ந்தவை. இளையவன் தேய்க்கட்டும், மூத்தவர் தடவிப் பார்த்து "இன்னும் இருக்கு" என்று சொல்லட்டும்.

இங்கே ஒரு எச்சரிப்பு. வீட்டு வர்ணங்களில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குக் குறைத்த அரசு விதி 2016-இல் வெளியாகி 2017-இல் நடைமுறைக்கு வந்தது. அது வீட்டு வர்ணத்துக்கான விதி, வாகன வர்ணத்துக்கு உரியதன்று. பழைய காரின் மஞ்சளிலும் சிவப்பிலும் ஈயமும் குரோமியமும் கலந்த நிறப்பொடிகள் இருக்கக்கூடும். ஆகவே பழைய வர்ணத்தைத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது உத்தமம். உலர்வாய்த் தேய்க்கும்போது தூசியைத் தடுக்கும் என்95 வகை முகக்கவசம் அணியுங்கள். பிள்ளைகள் விளையாடும் வாசலில் இந்த வேலை வேண்டாம். அன்று உடுத்திய துணியை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கவும் வேண்டாம்.

எந்த வர்ணம்?

ஆதியில் காருக்கு வார்னிஷைத் தூரிகையால் பூசிக் காயவைக்க வாரக்கணக்கில் ஆயிற்று. 1923-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், டூபான்ட் நிறுவனத்தின் 'டூகோ' என்னும் நைட்ரோசெல்லுலோஸ் வர்ணத்தை ஓக்லண்ட் கார்களுக்குத் தெளித்தது. நாட்கணக்கு மணிக்கணக்காய்க் குறைந்தது. இன்றும் நம் பட்டறைகளில் 'டக்கோ பெயின்டிங்' என்று சொல்லுகிறோமே, அந்தச் சொல் வந்த வழி இதுதான்.

அந்த என்.சி. வர்ணம் மலிவு, சீக்கிரம் காயும், தவறினால் திருத்துவதும் எளிது. ஆனால் தின்னர் பட்டால் கரையும், பெட்ரோல் சிந்தினால் கெடும். தடத்துக் காரில் பெட்ரோல் சிந்தாத நாள் உண்டோ? ஆகையால் அனுபவசாலிகள் பி.யூ. என்றும் 2கே என்றும் அழைக்கப்படும் இரட்டைக் கலவை வர்ணத்தையே தெரிந்துகொள்கிறார்கள். வர்ணம் ஒரு டப்பா, ஹார்டனர் ஒரு டப்பா. இரண்டும் கலந்தபின் அது காய்வதோடு நில்லாமல், இரசாயன மாற்றமடைந்து கடினமாகிறது. 1937-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஆட்டோ பேயர் கண்டறிந்த பாலியூரித்தேன் என்னும் பொருளின் வழித்தோன்றலே இது. பெட்ரோலையும் வெயிலையும் கல்லையும் இது நன்றாகத் தாங்கும்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

பிரியமானவர்களே, இந்த இடத்தை நிதானமாய் வாசியுங்கள். அந்த இரண்டாவது டப்பாவில், அதாவது ஹார்டனரில், ஐசோசயனேட் என்னும் இரசாயனம் இருக்கிறது. 1984 டிசம்பரில் போபாலில் கசிந்தது மெத்தில் ஐசோசயனேட். ஹார்டனரில் இருப்பது அதுவன்று, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு பொருள். டப்பாவைத் திறந்தவுடன் யாரும் விழுந்துபோக மாட்டார்கள். இதன் தீங்கு மெதுவாய் வரும். கன்னிலிருந்து பனியாய்ப் புறப்படும் துளிகளைத் தொடர்ந்து சுவாசிக்கிறவருடைய சரீரம், ஒருநாள் அந்தப் பொருளைச் சத்துருவாக எண்ணத் தொடங்கிவிடும். அதற்குப்பின் மிகச் சிறிதளவு பட்டாலும் நெஞ்சு இறுகும், இழுப்பு வரும். ஆஸ்துமா நிலைத்துவிடும். அந்த நிலையை எட்டியவர் பெயின்டிங் தொழிலையே விடவேண்டி வரும்.

இதில் மூன்று வஞ்சகங்கள் உண்டு. முதலாவது, தின்னரின் வாசனை மூக்கைத் துளைக்கும், ஆனால் ஐசோசயனேட்டை மூக்கால் அறிய முடியாது. வாசனை இல்லையென்றால் ஆபத்தில்லை என்று எண்ணிவிடுகிறோம். இரண்டாவது, கன்னை நிறுத்தியபின்னும் நுண்ணிய பனி காற்றில் மிதந்துகொண்டிருக்கும். சாதாரண வெளிச்சத்தில் அது தெரியாது. வேலை முடிந்தது என்று உடனே முகக்கவசத்தைத் தூக்கி, அடித்த வர்ணத்தைக் கிட்டேபோய்ப் பார்க்கிற அந்த நிமிஷத்தில் நிறைய உள்ளே போய்விடும். மூன்றாவது, "முப்பது வருஷமா அடிக்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆகல" என்கிற தைரியம். கையின் தேர்ச்சி கூடக்கூட நுரையீரல் பலப்படுவதில்லை. எத்தனை வருஷம் ஒன்றும் ஆகாதவருக்கும் திடீரென்று ஆகலாம்.

முகத்தில் கைக்குட்டை கட்டுவதும், துண்டைச் சுற்றுவதும், துணிக்கவசம் அணிவதும் இதற்குப் பிரயோஜனமற்றவை. தூசிக்கு உதவும் என்95-உம் இதற்குப் போதாது. வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்றை ஊட்டும் முகக்கவசத்தையே பிரிட்டனின் தொழிலிடப் பாதுகாப்புத் துறை வாகனப் பெயின்டர்களுக்கு வலியுறுத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் 24 முதல், இத்தகைய பொருட்களைத் தொழிலில் கையாளுகிறவர்கள் அதற்கான பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது சட்டம். அங்கேயுள்ளவருடைய நுரையீரலுக்கும் இங்கே நம் அண்ணனுடைய நுரையீரலுக்கும் வித்தியாசம் உண்டோ? சிந்தித்துப் பாருங்கள்.

"ஊருக்குப் போனால் சரியாகிவிடும்"

தாய்மாரே, சகோதரிகளே, இது விசேஷமாய் உங்களுக்கு. பெயின்டர் வேலை செய்கிற கணவருக்கோ தகப்பனுக்கோ சாயங்காலமும் இரவும் வறட்டு இருமல் வருகிறதா? நெஞ்சு இறுகுகிறது, மூச்சு சீட்டி அடிக்கிறது என்கிறாரா? விடுமுறை நாளில் குறைந்து, வேலைக்குப் போனதும் மறுபடி கூடுகிறதா? மே மாதம் திருநெல்வேலிக்கோ விழுப்புரத்துக்கோ போனால் இரண்டு வாரத்தில் இருமல் நின்றுவிடுகிறதா?

"நம்ம ஊர்க் காத்தும் தண்ணியும் பட்டதும் சரியாயிடுச்சு" என்று நாம் சந்தோஷப்படுகிறோம். பட்டணத்துப் புகையின்மேல் பழியைப் போட்டுவிட்டுத் திரும்பி வருகிறோம். ஆனால் அவர் குணமானதற்குக் காரணம், அந்த இரண்டு வாரமும் அவர் ஹார்டனரைச் சுவாசிக்காததாய் இருக்கலாம். வேலையில் கூடி, விடுமுறையில் குறைகிற இருமல், தொழிலால் வரும் ஆஸ்துமாவின் அடையாளம். மருத்துவரிடம் போகும்போது இருமலை மட்டும் சொல்லாமல், "இவர் கார் பெயின்டர், 2கே அடிக்கிறார், ஊருக்குப் போனால் நின்றுவிடுகிறது" என்று மூன்றையும் சொல்லுங்கள். ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனை ஒன்று உண்டு, அதைக் கேளுங்கள். ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அங்கேயும் தொழிலைத் தெளிவாய்ப் பதியச் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்து விலகினவர்களுக்குக் குணமடையும் வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் செய்வது என்ன?

தம்பிமாரே, பழைய காருக்கு வர்ணம் பூசவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, ஆயத்தம் முழுவதையும் சிநேகிதருடைய ஆலோசனையின்படி நீங்கள் செய்யுங்கள். 2கே தெளிக்கிற அந்த ஒரு வேலையை மாத்திரம், காற்றை இழுத்து வடிகட்டும் பெயின்ட் அறையும் காற்று ஊட்டும் கவசமும் உள்ள பட்டறையில் பணம் கொடுத்துச் செய்யுங்கள். சிநேகிதரையும் அழைத்துக்கொண்டு போய், வேலையை மேற்பார்க்கச் சொல்லுங்கள். செலவு கூடும். ஆனால் பெரும்பங்கு கூலி ஆயத்தத்துக்குத்தான் என்பதால் நீங்கள் நினைக்கிற அளவு கூடாது.

இரண்டாம் வழி, சிநேகிதரே தெளிப்பதானால், வர்ணம் வாங்குமுன் காற்று ஊட்டும் முகக்கவசத்தை வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். அதற்குக் காற்று தரும் கம்ப்ரஸர், புகையும் வர்ணப் பனியும் வராத இடத்தில் இருக்க வேண்டும். அதன் காற்று எண்ணெய் கலவாதபடி, சுவாசத்துக்குரிய வடிகட்டி வழியாகவே வர வேண்டும். கையுறை, கண் காப்பு, முழுக்கை உடுப்பு ஆகியவையும் அவசியம். குடியிருப்புச் சந்தில் இது கூடாது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கவசம் இல்லை. தின்னர் ஆவி தீப்பற்றும், அடுப்பும் பீடியும் கிட்டே வரலாகாது.

மூன்றாம் வழி, வர்ணத்துக்குப் பதிலாக வினைல் உறை ஒட்டுவது. பந்தயக் கார்களில் இது இப்போது சாதாரணம். ஸ்பிரே இல்லை, ஹார்டனர் இல்லை. ஆனால் துருவும் பள்ளமும் உறையின் அடியிலும் தெரியும். ஆகவே ஆயத்தம் இதற்கும் அதேதான்.

ஒரு சிறு குறிப்பு. கார் தடத்துக்கு மட்டுமல்லாமல் சாலையிலும் ஓடும் பதிவுபெற்ற வாகனமானால், நிறத்தை மாற்றுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, ஆர்.சி.யிலும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கன்னைப் பிடிக்கக் கற்றுக்கொள்ள விரும்பினால், நேரே காரின்மேல் கைவைக்காதிருங்கள். குர்லாவிலும் மாயாபுரியிலும் பழைய கதவோ பானட்டோ மலிவாய்க் கிடைக்கும். அதைச் செங்குத்தாய் நிறுத்தி, கன்னில் வெறும் தண்ணீரை ஊற்றிப் பழகுங்கள். கன் தகட்டிலிருந்து ஆறு முதல் எட்டு அங்குல தூரத்தில், எப்போதும் நேராக இருக்க வேண்டும். மணிக்கட்டைச் சுழற்றினால் நடுவில் கனமாயும் ஓரத்தில் மெல்லிதாயும் விழும். முந்தின கோட்டின் பாதியை அடுத்த கோடு மூட வேண்டும். அருகில் பிடித்தால் வடியும், தூரத்தில் பிடித்தால் ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரக்கும். ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவே, டப்பாவில் சொல்லியிருக்கிற நிமிஷங்கள் காத்திருக்க வேண்டும். இவற்றையெல்லாம் சிநேகிதர் தண்ணீரிலேயே கற்பித்துவிடுவார். தண்ணீரைச் சுவாசித்து ஒருவரும் நோயாளி ஆவதில்லை.

சிநேகிதருக்கு உரியது

"நம்ம ஆளுதானே, சாப்பாடு போட்டால் போதும்" என்று எண்ணாதிருங்கள். தெரிந்தவர் என்பதற்காக அவருடைய நாள் குறுகிப்போவதில்லை. பட்டறையில் அவருக்குக் கிடைக்கும் கூலியை விசாரித்து, அதற்குக் குறையாமல், கேட்குமுன்னே அவர் கையில் கொடுங்கள். அவர் வேண்டாமென்று தள்ளினால் அக்காவின் கையில் கொடுங்கள். ஒரு ஞாயிறு சாயங்காலம் என்று அழைக்காமல், ஆறு வாரம் என்று சொல்லி அழையுங்கள். "அவசரமில்லை அண்ணே" என்று நீங்கள் முதலில் சொன்னால்தான், "கவசம் இல்லாம அடிச்சிடலாம், நேரமாகுது" என்று அவர் சொல்லமாட்டார். பெரும்பாலும் அவருடைய அவசரம், நம்முடைய அவசரத்தைப் பார்த்து வருவதே.

அண்ணன்மாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. இளையவன் கவசத்தை நீட்டும்போது சிரித்துத் தள்ளாதிருங்கள். உங்களைப் பார்த்துத்தான் அவன் கற்றுக்கொள்கிறான். நீங்கள் கைக்குட்டை கட்டினால் அவனும் கைக்குட்டை கட்டுவான்.

பந்தயக் காரின் புது வர்ணம் நெடுநாள் நிற்பதில்லை. முதல் பந்தயத்திலேயே கல் தெறிக்கும், இன்னொரு கார் உரசும். அடுத்த வருஷம் மறுபடியும் தேய்த்து மறுபடியும் அடிக்கலாம். அப்போதும் அந்த அண்ணன் படியேறி வந்து, காந்தத்தை எடுத்து, மூச்சு வாங்காமல் காரைச் சுற்றி நடக்க வேண்டும். ஆகையால் இந்த வாரம் கடைக்குப் போகிறவர்கள், வாங்கவேண்டிய பட்டியலில் முதல் வரியில் முகக்கவசத்தை எழுதுங்கள். வர்ணத்தின் நிறத்தைப் பிறகு தீர்மானிக்கலாம்.